மலைக்குப் போய் வந்து வைக்கலாம் என்ற பேர்

போன வெள்ளிக்கிழமை பஜனை முடிந்து சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தபோது என் தம்பி வாசலில் வந்து நின்றான். "கண்டு, செருப்ப அந்தப் பக்கமா உடுடா" என்றேன். பேரன் பேத்தி எடுத்தவனை, தலையெல்லாம் நரைத்தவனை இப்படிக் கூப்பிடுகிறாளே என்று உங்களில் இரண்டு பேர் சிரித்தீர்கள். ஒருவர், "அது இன்னா பேரு, கண்டு?" என்று கேட்கவும் கேட்டீர்கள். கையில் சுண்டல் பாத்திரம் இருந்தது. நின்றபடி சொல்லி முடிகிற சங்கதியும் இல்லை. அதனால் எழுதுகிறேன். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள், அதிலும் பாதி தமிழில், பாதி தெலுங்கில். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கும் அப்படி இருந்திருக்கும். ரேஷன் கார்டில் ஒரு பேர், அடுப்பங்கரையில் ஒரு பேர். நம் காலத்தில் பிள்ளைக்குப் பேர் வைப்பது சுலபம். செத்துப்போன பெரியவர் பேரோ சாமி பேரோ, யோசிக்காமல் வைத்துவிடுவார்கள். கூப்பிடுகிற பேருக்குத்தான் யோசனை. மாமனார் பேரை மருமகள் சொல்லக்கூடாது, அப்பன் பேரைப் பிள்ளை சொல்லக்கூடாது என்றிருந்த வீடுகள். பெரியவர் பேரைச் சுமந்துகொண்டு பிறந்த பிள்ளையை "டேய்" என்று அதட்டவும் முடியாது. அதற்காகவே ஒரு சின்னப் பேர் வேண்டியிருந்தது. திட்டுவதற்கும் கொஞ்சுவதற்கும்.

நகரியில் நெசவாளர் தெருவில் எங்கள் வீடு. நுழைந்ததும் குழித்தறி. அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா குழிக்குள் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் என்றால் வீடு முழுவதும் தடக் தடக் என்று அதிரும். எங்கள் தறி ஓய்ந்தால் பக்கத்து வீட்டுத் தறி, அது ஓய்ந்தால் எதிர்வீட்டுத் தறி. அந்தச் சத்தத்தில்தான் தூங்கினோம், அந்தச் சத்தத்தில்தான் எழுந்தோம். அம்மா பின்கட்டில் ராட்டை சுற்றுவாள். அது கிர்ர் என்று மெல்லிசாகப் பாடும். கஞ்சிப் பசை வாசனையும் சாயம் போட்ட நூலின் ஈர வாசனையும் கலந்து வீட்டுக்குள் எப்போதும் மழை பெய்து ஓய்ந்ததுபோல் இருக்கும். கூரைக்கு மேலே எட்டிப் பார்த்தால் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் மலை. காலையில் அதன்மேல் மேகம் வந்து உட்காரும். மலைக்குச் சளி பிடித்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. பெரியவன் நடக்க ஆரம்பித்திருந்தான். சின்னவன் தவழ்ந்துகொண்டிருந்தான். இரண்டு பேரையும் அம்மா வாய் நிறையக் கூப்பிடுவாள். என் ராசா, என் தங்கம், என் பவுனு என்று தெருமுனைவரை கேட்கும். சின்னவனைத் தூக்கிக்கொண்டு போன அன்று, துக்கத்துக்கு வந்த ஒரு பெண் சொன்னாள்: "இப்டி நாளெல்லாம் பேரு சொல்லிக் கூப்டுக்கினு இருந்தா, எமனுக்கு நம்மளே வூட்ட காட்டிக் குடுத்த மாதிரி தான்." சொன்னவள் கெட்டவள் இல்லை. துக்க வீட்டில் எதையாவது சொல்லவேண்டுமே என்று சொன்னாள். எழுந்து போனதும் மறந்துபோயிருப்பாள். அம்மா மறக்கவில்லை.

மூன்றாவதாக என் தம்பி பிறந்ததும் அம்மா பெருமாளுக்கு வேண்டிக்கொண்டாள். பிள்ளைக்கு உன் பேர். மூன்றாம் வருஷம் முடி உனக்கு. அந்த முடி உன் மலையில் விழும்வரைக்கும் நான் இவனுக்கு ஒரு செல்லப் பேரும் வைக்கமாட்டேன், வாய் திறந்து கூப்பிடவும் மாட்டேன்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. பெருமாள் பேர்தான் எங்கள் தாத்தாவின் பேரும். வெங்கடேசன். தாத்தா போய்ச் சேர்ந்து பல வருஷம். ஆனாலும் மாமனார் மாமனார்தானே. அம்மா அந்தப் பேரை நாக்கில் ஏற்றமாட்டாள். சாமி கும்பிடும்போதுகூட கோவிந்தா என்பாள், ஏழுமலையானே என்பாள், அதோடு நிறுத்திக்கொள்வாள். நைனாவுக்கோ அது அப்பன் பேர். தொட்டிலில் போட்ட அன்று அத்தை வந்து பிள்ளையின் காதில் மூன்று தடவை அந்தப் பேரைச் சொன்னாள். அத்தை என்றால் நைனாவுக்கு அக்கா, திருப்பதியில் வாழ்க்கைப்பட்டவள். அந்த மூன்று தடவையோடு சரி. அதற்குப் பிறகு ரொம்ப நாள் அந்தப் பேர் எங்கள் வீட்டில் ஒலிக்கவே இல்லை.

ஆக, தம்பிக்குக் கூப்பிடுகிற பேரே இல்லை. "இந்தா" என்பார்கள். "தே, இத புடி" என்பார்கள். அம்மா அதுவும் சொல்லமாட்டாள். அவளுக்கு அவன் வேண்டுமென்றால் எழுந்து போய்த் தூக்கிக்கொண்டு வருவாள். சோறு ஊட்டும்போது வாயை மட்டும் ஆவென்று காட்டுவாள். தெருவில் பேசிக்கொண்டார்கள், ரெண்டு புள்ளய பறிகொடுத்ததுல அவளுக்கு மனசு கல்லாயிடுச்சி என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒன்பது வயது எனக்கு. அம்மாவுக்கு இவனைப் பிடிக்கவில்லை, நமக்காவது பிடிக்கட்டும் என்று இருந்தேன்.

அப்படித்தான் நான் அவனுக்குப் பேர் வைத்தது.

விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டுவார்கள். வீதி நெடுக நூல் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கஞ்சி தடவுவார்கள். சூரியன் ஏறும்போது ஆயிரம் இழையிலும் வெளிச்சம் ஓடும். தண்ணீர் இல்லாமலே ஆறு ஒன்று தெருவில் ஓடுவதுபோல் இருக்கும். அன்றைக்கு அந்த ஆற்றின் அடியில் தம்பி உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு சிவப்பு நூல்கண்டு. நைனா எறிந்த கழிவு நூலை நானே சுற்றிக் கொடுத்தது. அவனும் அதேபோல் உருண்டையாக, அங்கங்கே பிரிந்த மயிரோடு, கழுத்தே இல்லாமல் இருந்தான். நூலின் அடியில் குனிந்து போய், யாருக்கும் கேட்காமல், "கண்டு" என்றேன். நிமிர்ந்து பார்த்தான். "டேய், கண்டு." சிரித்தான். கீழே நாலு பல், மேலே நாலு பல்.

அதிலிருந்து தினமும் பின்கட்டுக்கு அப்பால் கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போய் நாலு தடவை கூப்பிடுவேன். ஒளிந்துகொண்டு கூப்பிடுவேன், துவைக்கிற கல்லுக்குப் பின்னாலிருந்து கூப்பிடுவேன். எங்கிருந்து கூப்பிட்டாலும் தள்ளாடிக்கொண்டு வந்துவிடுவான். ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. நாங்கள் கிணற்றடியில் இருக்கும்போது உள்ளே ராட்டைச் சத்தம் நின்றுவிடும். அம்மாவுக்கு நூல் அறுந்துவிட்டது, முடிச்சுப் போடுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்கு வந்த அத்தை, போகிற வழியில் எங்கள் வீட்டில் தங்கினாள். அத்தைக்கு இரண்டு பெண்கள், இரண்டும் கட்டிக்கொடுத்தாயிற்று. ஆண் பிள்ளை இல்லை. குரல் கணீரென்று இருக்கும். தெலுங்கும் தமிழும் ஒரே வாயில் வரும். வந்து காலைக் கழுவியதும் தம்பியைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

"இன்னாடா தம்பி, எங்க நைனா பேர வெச்சிக்கினு இருக்கிற புள்ளய இந்தா தேன்னு கூப்டுக்கினு கீறீங்க? ஆட்டுக்குட்டியா இது?"

"நான் எப்டிக்கா நம்ம நைனா பேர சொல்லி டேய்ன்றது?" என்றார் நைனா, தறிக்குள்ளிருந்து.

"அதுக்குத்தான் சின்னதா ஒண்ணு வைக்கணும். சின்னான்னு வையி. இல்லாட்டி புஜ்ஜி."

"புஜ்ஜியா? திருப்பதிக்குப் போயி நீ தெலுங்குக்காரியாவே ஆயிட்டக்கா."

"ஆமா, நீ மட்டும் இன்னா மெட்ராஸ்லயா கீற? உன் ஊரு எந்தப் பக்கம்னு மொதல்ல முடிவு பண்ணிக்கினு வா, அப்புறம் என்ன கிண்டல் பண்ணு."

அப்போது அந்தப் பேச்சுதான் எங்கும். ஆந்திரா தனி ராஜ்ஜியமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போகுமாம், நாங்கள் ஆந்திராவிலேயே நிற்போமாம், இல்லை நாங்களும் போவோமாம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். முருகனைப் பார்க்க ஒரு ராஜ்ஜியம், பெருமாளைப் பார்க்க ஒரு ராஜ்ஜியமா என்று நைனா சிரிப்பார். எங்கள் ஊருக்கே அப்போது எந்த ராஜ்ஜியம் என்ற பேர் நிலையில்லை, தம்பிக்கு எங்கே.

அன்று சாயங்காலம் வரை பேர் தேடல்தான். பக்கத்துவீட்டு நெசவுக்காரர் வந்து வெங்கிட்டு என்றார். எதிர்வீட்டுப் பெண் பாபு என்றாள். நைனா தறியின் தாளத்துக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். சின்னா தடக், புஜ்ஜி தடக், பாபு தடக். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அம்மா சோறு வடித்துக்கொண்டே ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

"மலைக்குப் போயி வந்து வெச்சிக்கலாம் அண்ணி."

"பெத்தவளுக்கு ஒரு பேரு வெச்சிக் கூப்புடணும்னு ஆசை இல்ல பாரு" என்றாள் அத்தை. அம்மா கஞ்சி வடிந்த பானையை நிமிர்த்திவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் சர்க்கார் குமாஸ்தா ஒருவர் வந்தார். வீடு வீடாகப் போய் யார் யார் இருக்கிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று எழுதிக்கொண்டு போனார். காதில் பென்சில், கையில் நீளமான தாள். நைனா எழுந்து நின்று எல்லார் பேரும் சொன்னார். தம்பியின் முறை வந்ததும் அத்தை முந்திக்கொண்டு பேரைச் சொன்னாள். குமாஸ்தாவுக்குப் பிள்ளைகள்மேல் ஆசை போலிருக்கிறது. குனிந்து, "ஏமிரா வெங்கடேசு, இலா ரா" என்று தெலுங்கில் கிட்டே கூப்பிட்டுக் கை நீட்டினார். தம்பி திரும்பவில்லை. அவன் தரையில் உட்கார்ந்து நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தான். இன்னொரு தடவை கூப்பிட்டார். விரலைச் சொடுக்கினார். அவன் பாட்டுக்கு உருட்டினான்.

"செவுடா?" என்றார்.

அத்தை உள்ளே போய்ப் பித்தளைத் தாம்பாளத்தையும் கரண்டியையும் எடுத்து வந்தாள். தம்பியின் முதுகுக்குப் பின்னால் நின்று ஓங்கி அடித்தாள். எனக்குக் காதடைத்தது. தம்பி அசையவில்லை.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. பிறந்ததிலிருந்து தறியின் பக்கத்தில் கிடக்கிற பிள்ளை. தடக் தடக் என்று தலைமாட்டில் இடி இடித்தாலும் பால் குடிக்கிற பிள்ளை. அவனுக்கு ஒரு தாம்பாளம் என்ன செய்யும்? பேரோ, காதில் விழுந்து இரண்டு வருஷத்துக்கு மேலாகிவிட்ட பேர். யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருந்தான். அங்கே நின்ற அத்தனை பெரியவர்களுக்கும் இது தோன்றவில்லை.

குமாஸ்தா தாளில் என்னவோ எழுதினார். நைனா, "எழுதாதீங்க சாமி, எழுதாதீங்க" என்று பின்னாலேயே தெருமுனைவரை போனார். திரும்பி வந்தவர் தறியில் உட்காரவே இல்லை. அந்தக் காலத்து அறிவில் எங்களுக்கெல்லாம் தாளில் எழுதிவிட்டால் அது ஆகிவிட்டது மாதிரி.

அத்தை தம்பியை மடியில் அழுத்திக்கொண்டு அழுதாள். பிறகு சொன்னாள்: "கூப்புடாம கூப்புடாமயே காது அடைச்சிப்போச்சி புள்ளைக்கி. புரட்டாசில முடி எறக்க வருவீங்க இல்ல? எறக்கின கையோட புள்ளய எங்கிட்ட உட்டுட்டுப் போங்க. திருப்பதில பெரிய ஆஸ்பத்திரி கீது. நான் காட்டி, நான் பேச வெச்சி, நான் வளத்துக் குடுக்கறேன். கூப்புடாத வூட்ல வளரவேணாம்."

நைனா அம்மாவைப் பார்த்தார். அம்மா, "மலைக்குப் போயி வரலாம்" என்றாள். அவ்வளவுதான். நைனா தலையை ஆட்டினார்.

எனக்கு மட்டும் தெரியும், அவனுக்குக் காது கேட்கும். அன்றே சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்றுதான் அவனைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். முதலில் நாமே ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்வோம் என்று தூரமாய் நின்று, வழக்கத்தைவிட உரக்க, வாய் நிறைய, "கண்டூ" என்றேன். ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டான். அவன் உடம்பு சுட்டது.

பொழுது சாய்வதற்குள் காய்ச்சல் அனலாகிவிட்டது. கண்ணைத் திறக்கவில்லை. கம்பவுண்டர் வந்து மருந்து கொடுத்தார். அம்மா மடியில் போட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றேன். கண்ணாடிக்குள் ஜிகினா ஒட்டிய பெருமாள் படம், அது இப்போது யாரிடம் இருக்கிறதோ. துக்க வீட்டில் அந்தப் பெண் சொன்னது எனக்கும் ஞாபகம் இருந்தது. நான்தான் உரக்கக் கூப்பிட்டேன், நான்தான் வீட்டைக் காட்டிக்கொடுத்தேன். "பெருமாளே, இனி ஒருநாளும் அந்தப் பேர சொல்ல மாட்டேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அவன உட்டுடு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. பெருமாள் கேட்டுக்கொண்டார், அதனால் என் வாய்க்குப் பூட்டு விழுந்தது.

அதற்குப் பிறகு ஏறக்குறைய நாற்பது நாள். தம்பி என் பின்னாலேயே வருவான். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, நான் கூப்பிடுவேன் என்று காத்திருப்பான். எட்டிப் பார்ப்பான். மறுபடி ஒளிந்துகொள்வான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் இறைப்பேன். பிறகு பக்கத்தில் வந்து என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பான், அதிலிருந்து என்னவோ விழப்போகிறது என்பதுபோல். ஒருநாள் கையை நீட்டி என் உதட்டைத் தொட்டான். எத்தனையோ கஷ்டம் பட்டிருக்கிறேன், நீங்களும் பட்டிருக்கிறீர்கள். அந்தச் சின்ன விரல் மாதிரி என்னைச் சுட்டது எதுவும் இல்லை. போகப்போக அவனும் வருவதை நிறுத்திவிட்டான். ஒரு மூலையில் உட்கார்ந்து நூல்கண்டை உருட்டுவான். சத்தமே இல்லாத பிள்ளை ஆகிவிட்டான். அத்தை சொன்னது சரிதான் என்று நைனா முடிவே செய்துவிட்டார்.

புரட்டாசி வந்தது. மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காணிக்கையை எடுத்துக்கொண்டு ரயில் ஏறினோம். ரேணிகுண்டாவில் வண்டி மாறி, திருப்பதியில் இறங்கியதும் அத்தை வந்து நின்றாள். அவள் வீட்டில் ஒரு தொட்டில் கட்டியிருந்ததைப் பார்த்தேன். புதுப் புடவையில் கட்டின தொட்டில். ஒரு மரக் குதிரையும் வாங்கி வைத்திருந்தாள். அம்மா தொட்டிலைப் பார்த்தாள், குதிரையைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாததுதான் எனக்குக் கோபம்.

விடிகிற நேரம் படி ஏறினோம். அம்மா ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தாள். குனிந்து நிமிர்ந்து, குனிந்து நிமிர்ந்து. எனக்கு முன்னால் அவள் குதிகால் மஞ்சளாகவே இருந்தது. மேகம் படிமேலேயே நடந்து வந்தது. முன்னால் போகிறவர்கள் அதற்குள் போய் மறைவார்கள், கோவிந்தா என்று குரல் மட்டும் வரும். தம்பி நைனாவின் தோளில் தூங்கினான். இந்த மலையில் எல்லாம் பஞ்சாக இருக்கிறது, பெருமாளும் நெசவுக்காரர்தானோ என்று நினைத்துக்கொண்டு ஏறினேன்.

முடி இறக்கும் மண்டபத்தில் ஜனம் நெருக்கியது. தரையெல்லாம் ஈர முடி. அம்மாவுக்கு அண்ணன் தம்பி கிடையாது, அதனால் தாய்மாமன் மடி இல்லை. அத்தை மடியில் உட்காரவைத்தார்கள். தம்பி அழவில்லை. சுருள் சுருளாக முடி விழுந்ததை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசிச் சுருள் விழுந்ததும் அவள் நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கியது. நைனாவும் முடி கொடுத்தார். இரண்டு பேர் தலையிலும் சந்தனத்தைக் குழைத்துப் பூசினோம்.

வெளியே வந்து திருக்குளத்தை நோக்கி நடந்தோம். நைனா வேட்டியைச் சரிசெய்ய தம்பியைக் கீழே விட்டார், அத்தை கையைப் பிடித்துக்கொண்டாள் என்று நினைத்தார். அத்தை, அம்மா இடுப்பில் இருக்கிறான் என்று நினைத்தாள். ஒரு கூட்டம் கோவிந்தா போட்டுக்கொண்டு எங்களுக்கு நடுவே புகுந்து போனது. அது போய் முடிந்தபோது தம்பி இல்லை.

பார்த்த பக்கமெல்லாம் மொட்டைத் தலை. சின்னது பெரியது, எல்லாம் சந்தனம் பூசி மஞ்சளாக, ஒரே அச்சில் வார்த்ததுபோல். அந்தத் தலைகளுக்கு அப்பால் குளத்துப் படிகள். தண்ணீர் பளபளவென்று தெரிந்தது.

"ஐயோ, செவிட்டுப் புள்ள, கூப்டாலும் கேக்காதே" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள்.

நைனா தன் வாழ்நாளில் முதல்முறையாக அப்பா பேரை உரக்கச் சொன்னார். "வெங்கடேசா. டேய் வெங்கடேசா." ஏழெட்டு மொட்டைத் தலைகள் திரும்பின. ஒரு கிழவர், தன்னைக் கூப்பிட்டதாக நினைத்து, "ஏமி நாயனா?" என்று கேட்டார். நைனா இன்னும் உரக்க, அழுகுரலில், "வெங்கடேசா" என்று கத்தினார். சுற்றியிருந்த ஜனம் கையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, "கோவிந்தா, கோவிந்தா" என்றது. அவர் கத்தக் கத்த அவர்கள் கோவிந்தா போட்டார்கள். பக்தி முற்றி அழுகிறார் என்று ஒருவர் நைனாவின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

எனக்கு அந்தப் பேர் தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் வருவான். ஆனால் சொல்லமாட்டேன் என்று யாரிடம் சத்தியம் செய்தேனோ அவர் இதோ பத்தடியில் கோபுரத்துக்குள் நின்றுகொண்டிருக்கிறார். சொன்னால் எடுத்துக்கொள்வாரோ, சொல்லாவிட்டால் குளம் எடுத்துக்கொள்ளுமோ. வாய் திறந்தது, மூச்சுதான் வந்தது.

அப்போது என் பக்கத்தில் ஒரு குரல் எழுந்தது. யாருடைய குரல் என்று எனக்கு முதலில் தெரியவில்லை. அந்தக் குரலை நான் கேட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

"கண்டூ. டேய் கண்டு. என் ராசா, கண்டூ."

அம்மா இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு கூப்பிட்டாள். தெருமுனைவரை கேட்கிற பழைய குரல். அந்தப் பேருக்கு யாரும் கோவிந்தா போடவில்லை. அந்த மலையில் அந்தப் பேருக்கு ஒருவன்தான் இருந்தான்.

குளத்து ஓரம் ஒரு அம்மாள் தன் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துத் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் மொட்டை, எல்லாம் சந்தனம். ஆளுக்கொரு வாய் என்று வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போனவள், கடைசியில் ஒன்று கூடுதலாக இருப்பதைக் கவனிக்கவே இல்லை. அந்தக் கூடுதல் பிள்ளை சட்டென்று தலையைத் திருப்பியது. எழுந்தது. வாய் நிறையச் சோற்றோடு, ஜனங்களின் கால்களுக்கு நடுவே தள்ளாடிக்கொண்டு, நேராக அம்மாவிடம் வந்தது.

"ஐயய்யோ, இவன் எங்களோட பையன் இல்லையா?" என்றாள் அந்த அம்மாள், கையில் சோற்று உருண்டையோடு.

அத்தை அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "கேக்குது" என்றாள். பிறகு, "அது இன்னா பேரு?" என்றாள்.

"அவங்க அக்கா வெச்ச பேரு அண்ணி" என்றாள் அம்மா.

தரிசனம் முடிந்து இறங்கும்போதுதான் கேட்டேன், "உனக்கு எப்டிமா தெரியும்?"

"கெணத்தாண்ட நீ கூப்புடும்போதெல்லாம் ராட்டைய நிறுத்திட்டுக் கேட்டுக்கினு தான இருந்தேன்."

"திட்டலியே நீ."

"நான் தான வேண்டிக்கினேன், நீ வேண்டிக்கல. நீயாச்சும் கூப்புடுன்னு உட்டுட்டேன். அப்புறம் நீயும் நிறுத்திட்ட பாரு..." அம்மா புடவையைத் தூக்கிப் பிடித்து ஒரு படி இறங்கினாள். "அப்பதான்டி எனக்கு பயம் வந்திச்சி. என் பயத்த உனக்கும் குடுத்துட்டனேன்னு."

குமாஸ்தா எழுதியபோதும், தாம்பாளம் அடித்தபோதும், தொட்டில் கட்டியிருந்ததைப் பார்த்தபோதும் அவனுக்குக் காது கேட்கும் என்று அம்மாவுக்குத் தெரியும். அந்தப் பேரை ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டினால் போதும், எல்லாம் தீர்ந்துவிடும். கூப்பிடுவதற்கு அவள் வேண்டுதலில் இடம் இல்லை. முடி விழட்டும் என்று காத்திருந்தாள். கல் என்று நாங்கள் நினைத்தது இதைத்தான். என் சத்தியத்தைப் பெருமாள் என்ன செய்தார் என்று பிறகு பலநாள் பயந்துகொண்டிருந்தேன். பெற்றவள் அவர் சன்னிதியிலேயே கூப்பிட்டுத் தீர்த்துவிட்டபிறகு என்னிடம் அவர் என்ன கேட்பார்? அன்று சாயங்காலமே நானும் கூப்பிட ஆரம்பித்துவிட்டேன், இதோ இன்றைக்கும் நிறுத்தவில்லை.

தொட்டிலை அத்தை அவிழ்க்கவில்லை. அந்த வீட்டில் அது ரொம்ப நாள் சும்மா ஆடிக்கொண்டிருந்தது என்று பின்னால் சொன்னார்கள். மரக் குதிரையை மட்டும் ரயிலடிக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டொரு வருஷத்தில் எல்லையும் தீர்ந்தது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம். அத்தை என்னமோ தான்தான் கையெழுத்துப் போட்டவள்போல் நைனாவைக் கிண்டல் செய்தாள்.

ஆனால் எனக்குக் கண்ணை மூடினால் வருவது அந்தப் படிகள்தான். மேகம் விலகி வெயில் வந்திருந்தது. நைனா தோளில் தம்பி, அவன் மொட்டைத் தலை சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. இரண்டு படி பின்னால் அம்மா. "கண்டு" என்பாள். அவன் திரும்பிப் பார்ப்பான். ஒன்றும் சொல்லமாட்டாள். நாலு படி இறங்கினதும் மறுபடி, "கண்டு." மறுபடி திரும்புவான். மரத்தடியில், வளைவில், மண்டபத்தில், காரணமே இல்லாமல் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். மூன்று வருஷத்துக் கூப்பிடல் அவ்வளவும் வயிற்றுக்குள் இருந்தது போலிருக்கிறது.

"போதும் உடுமா, புள்ளைக்கிக் கழுத்து சுளுக்கிக்கப் போவுது" என்றாள் அத்தை.

"இன்னும் ஒரு தடவ அண்ணி" என்றாள் அம்மா.

அலிபிரி அடிவாரம் வரும்வரைக்கும் அந்த ஒரு தடவை முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் அவன் திரும்பினான்.